பழைய காரில் வருகிற தூக்கம்

தெல்தோட்டை,
தைப்பூசம் கழிந்த மறுநாள்.

அன்பு மகள் பிரேமிளாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளை ரவிகுமாரும் என் செல்லப் பேத்தி கவிஷ்காவும் அந்தக் குளிர் தேசத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நானும் அப்பாவும் பெரியம்மாவும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் கை போனது, ஆனால் இந்தக் கடிதத்தில் பொய் எழுதக்கூடாது என்று முடிவெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அதனால் இருக்கிறோம் என்று மட்டும் வைத்துக்கொள். போனில் பேசுகிறோம்தான், ஆனால் நீ ஒரு வயோதிபர் வீட்டு வேலையை முடித்துவிட்டு அடுத்த வயோதிபர் வீட்டுக்கு ஓடுகிற இடைவெளியில் பேசுகிறாய், நானும் அடுப்பில் எதையாவது வைத்துவிட்டுப் பேசுகிறேன், அந்தப் பேச்சுக்குள் இது அடங்காது. என்னோடு படிப்பித்த உம்மு குல்சும் டீச்சரின் மகன் ஸிபான் படிப்புக்காக உங்கள் பக்கம் வருகிறான், மிளகாய்த்தூளும் கருவாடும் கொஞ்சம் அவன் கையில் கொடுத்துவிடுகிறேன், அதோடு இந்தக் கடிதமும் வரும். அதுவரை பொறுக்க என்னால் முடியாது என்றேன், அப்படியென்றால் போனில் படம் பிடித்து இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன் ஆன்ட்டி என்றான். படத்திலேயே படித்துவிடு மகள். என் எழுத்து விளங்காவிட்டால் பெரிதாக்கிப் பார்.

போன கிழமை நீ புதிதாக வாங்கிய பழைய காரின் படத்தை அனுப்பியிருந்தாய். பத்தொன்பது வருஷத்துக் கார் என்று சொன்னால்தான் தெரியும், அவ்வளவு பளபளப்பாக இருக்கிறது. கார் இல்லாமல் உன் வேலையைச் செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும், புதிதாக வாங்குகிற நிலைமையில் நீங்கள் இல்லை என்பதும் தெரியும், குறை சொல்ல நான் எழுதவில்லை. இரண்டாவது படத்தில் பிள்ளை கம்பளித் தொப்பியோடு தூங்குகிறாள், கண்ணாடியெல்லாம் உள்ளே ஆவி படிந்து வெள்ளையாக இருக்கிறது. கீழே நீ எழுதியிருந்தாய், வீட்டில் இவளைத் தூங்க வைக்கப் பெரும்பாடு, காரில் ஏற்றிக் கதவைச் சாத்தினால் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுகிறாள், இறக்கும்போதுகூட எழும்ப மாட்டேன் என்கிறாள், ராசியான கார் அம்மா என்று. அதைப் படித்ததும் உடனே உன்னைக் கூப்பிட்டு, பிள்ளையை அதில் ஏற்றாதே, மெக்கானிக்கிடம் காட்டிப் பார்க்கிற வரைக்கும் ஏற்றாதே என்று கத்தினேன். நீ சிரித்தாய். "அம்மா, சின்னப் புள்ளைங்க கார்ல தூங்கறது ஒரு விஷயமா? இங்க வருஷா வருஷம் செக் பண்ணித்தான் ரோட்டுல விடுறாங்க" என்றாய். நீ சிரித்ததில் ஒரு தப்பும் இல்லை. தீபாவளிக்கு முதல் எங்களுக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாதே. கார் ரோட்டோரத் தண்ணீர்க் கானில் இறங்கிவிட்டது, அந்த அதிர்ச்சியில் பெரியம்மாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை என்று மட்டும்தான் சொன்னோம். அந்தப் பிள்ளை தூரத்தில் தனியாகக் கிடந்து அழும், பிரேமிளாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று அப்பா சொன்னார், நானும் சரி என்றேன். இப்போது முழுதும் சொல்கிறேன், படித்துவிட்டு நீயே முடிவெடு.

நம் வெள்ளைக் காரைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. அப்பா தொழிற்சாலை ஒபிசில் கிளாக்கராக இருந்து ஓய்வெடுத்தபோது ஆசைப்பட்டு வாங்கியது, வாங்கும்போதே அதற்கு உன் வயது. பிறகு நாட்டுக்குள் வாகனம் கொண்டுவருவதை நிறுத்தினார்கள், பழைய கார்களெல்லாம் திடீரென்று தங்கம் மாதிரி ஆகிவிட்டன, வேறொன்று வாங்குகிற நினைப்பே போய்விட்டது. இருப்பதை ஓட்டுவோம் என்றார். அதற்கு ஒவ்வொரு நாளும் ஒரு நோய் வருத்தம். கலஹாவிலிருந்து ஏறும்போது கொதித்துவிடும், அதனால் டிக்கியில் எப்போதும் தண்ணீர்ப் போத்தல் இரண்டு. காலையில் இலேசில் ஸ்டார்ட் ஆகாது, அதனால் எங்கே நிறுத்தினாலும் இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துவார். மழைக்கு அவர் பக்கத்து வைப்பர் மட்டும் வேலை செய்யும். முன்னால் இடப்பக்கத்து சீட் துருப்பிடித்து அதன் பிடி விட்டுப்போனது, மேட்டில் ஏறும்போது நான் அப்படியே பின்னால் வழுக்கிக்கொண்டு போவேன், இறக்கத்தில் முன்னால் வந்து இடிப்பேன். ஒரு நாள் இறக்கத்தில் பிரேக் போட்டபோது என் நெற்றி போய் டேஷ்போர்டில் பட்டது, அன்றோடு "நீ பின்னாடியே உக்காரு, அதுதான் உனக்குப் பாதுகாப்பு" என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் பக்கத்துக் கண்ணாடி மேலே ஏறாது. நாலு விரல் அளவு எப்போதும் திறந்தே இருக்கும், மழையில் அவருடைய வலது தோள் நனைந்துவிடும், ஒரு துவாயை மடித்துப் போட்டுக்கொண்டு ஓட்டுவார். இதையெல்லாம் நாங்கள் ஒரு பிழை என்றே நினைக்கவில்லை. வயதான மனிதருக்கு முழங்கால் வலிப்பது மாதிரி என்று விட்டுவிட்டோம். கொஞ்ச நாளாகச் சத்தமும் கூடிக்கொண்டு வந்தது, சைலன்சர் பழசு என்றார் அப்பா. பின்னால் கால் வைக்கிற இடத்தில் தகடு துருப்பிடித்து ஒரு ரூபாய்க் காசளவு ஓட்டை, அதன் மேல் ரப்பர் மெட் ஒன்றை வெட்டிப் போட்டிருந்தார். அந்த மெட் சில நாளில் காலுக்கு இளஞ்சூடாக இருக்கும். குளிர் காலத்தில் அது எனக்கு நன்றாகக்கூட இருந்தது.

என் தலைவலி உனக்குத் தெரியும். எத்தனை தரம் போனில் புலம்பியிருக்கிறேன். கண்டியில் ஒரு டொக்டரிடம் காட்டினோம், பிரஷர் பார்த்தார்கள், கண்ணாடி மாற்றினார்கள், தலையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. மாத்திரை மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. எப்போது வரும் என்று அந்த டொக்டர் கேட்டபோது, கண்டிக்கு வந்தால் வரும் ஐயா என்றேன், அவரும் சிரித்தார் நானும் சிரித்தேன், இந்த வளைவு ரோட்டில் யாருக்குத்தான் வராது. மாதா மாதம் அப்பா என்னைப் பின்சீட்டில் உட்கார வைத்துத் தலைவலிக்கு மருந்தெடுக்கக் கூட்டிக்கொண்டு போவார். வீட்டுக்கு வந்ததும் வாந்தி வருகிற மாதிரி இருக்கும், படுத்துவிடுவேன், அவரே சோறாக்கிக் கொண்டுவந்து தருவார். அடுத்த நாள் சரியாகிவிடும். இதை இப்போது எழுதும்போது எனக்கே அலுப்பாக இருக்கிறது மகள். கண் முன்னால் இருந்திருக்கிறது, எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஐப்பசி மழை இந்த முறை விடாமல் பெய்தது. அப்பாவுக்குத் தோளில் குளிர் பிடித்து இருமல் வந்தது, நான்தான் சண்டை போட்டேன், முதலில் அந்தக் கண்ணாடியைச் செய்யுங்கள் என்று. கலஹா ரோட்டில் கராஜ் வைத்திருக்கிற நஸீம் நானாவிடம் கொண்டுபோய்க் கண்ணாடியை ஏறி இறங்கப் பண்ணிக்கொண்டு வந்தார். வேறொன்றையும் பார்க்கச் சொல்லவில்லை, அவரும் பார்க்கவில்லை. அதற்கு அடுத்த கிழமை தீபாவளிச் சாமான் வாங்கக் கண்டிக்குப் போனோம். ஹேவாஹெட்டயிலிருந்து உன் பெரியம்மாவும் வந்திருந்தாள். தோட்டத்தில் கொழுந்தெடுத்தது போதும் என்று பேர் கொடுத்து வேலையை விட்டுவிட்டு வந்த பிறகு அவளுக்கு இது முதல் தீபாவளி, எனக்கும் இந்த வருஷம் பட்டுச்சேலை வேணும் என்று சின்னப் பிள்ளை மாதிரி அடம்பிடித்தாள். என் அக்கா பாலம்மா ஒன்று வேண்டும் என்று கேட்டு நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. அரக்குக் கலரில் தங்கக் கரை போட்ட சேலை எடுத்தோம். கடையிலேயே தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டு, கல்யாணத்துக்கு அடுத்து இப்பத்தான் புள்ள என்றாள்.

திரும்பும்போது மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. கூட்ஸ் ஷெட் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்தே வாகனம் அசையவில்லை, பண்டிகைக் கூட்டம் வேறு. நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது என்ற பயத்தில் அப்பா எஞ்சினை அணைக்கவே இல்லை. கண்ணாடியெல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்தது, புதிதாகச் செய்த அந்தக் கண்ணாடியும்தான். இப்பத்தான் காருக்குள்ள ஒரு சொட்டு மழை வரல என்று அவருக்குப் பெரிய சந்தோஷம். பேராதனை வருவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஊர்ந்தோம். கெட்டம்பே தாண்டும்போதே பெரியம்மா சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எனக்குத் தலை விண் விண் என்று தெறித்தது, வழக்கமானதுதானே என்று கண்ணை மூடிக்கொண்டேன். யுனிவர்சிட்டிக் கெம்பஸ் மரங்கள் தெரிந்தது ஞாபகம் இருக்கிறது, அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. மீதி அப்பா பிறகு சொன்னது. மேடு ஏறத் தொடங்கியதும் அவருக்குக் கை கனத்ததாம், ரோட்டு நடுக்கோடு இரண்டாகத் தெரிந்ததாம், பசி மயக்கம் என்று நினைத்தாராம், அடுத்த வளைவில் ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கிறது, அதில் நிறுத்துவோம் என்று நினைத்தது மட்டும்தான் ஞாபகமாம். அந்த வளைவு வரவேயில்லை. கார் தானாக மெதுவாக ஓரத்துக்குப் போய் மலைப்பக்கத்துக் கானில் முன் சக்கரம் இறங்கி, மண்ணில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. மற்றப் பக்கம் போயிருந்தால் கீழே தேயிலை மலை, அதற்கும் கீழே ஆறு. எந்தப் பக்கம் போகிறோம் என்று பார்க்கிற நிலைமையில் அவர் இருக்கவில்லை. தெய்வம் திருப்பிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

பின்னால் வந்த தெல்தோட்டை பஸ்தான் எங்களைக் காப்பாற்றியது. சின்ன இடிதான், கண்ணாடிகூட உடையவில்லை, உள்ளே மூன்று பேரும் தூங்குகிற மாதிரி இருக்கிறார்கள், ஒருத்தரும் எழும்பவில்லை என்று பஸ்ஸுக்குள் இருந்தவர்களுக்குப் பயம் பிடித்துவிட்டதாம். கொண்டக்டர் கதவை இழுத்துத் திறந்து எங்களை ரோட்டோரத்துப் புல்லில் கிடத்தியிருக்கிறார். முகத்தில் மழை விழுந்துதான் நான் கண் திறந்தேன். யாரோ ஒரு பெண் பிள்ளை என் கன்னத்தைத் தட்டித் தட்டி "அம்மா, மூச்ச நல்லா இழுங்க, இழுங்கம்மா" என்று அழுதுகொண்டிருந்தாள். அப்பா கொஞ்சம் தள்ளி, முழங்காலில் நின்று வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். பெரியம்மா எழும்பவில்லை. உதடெல்லாம் சிவந்து, நல்ல நிறமாக, படுத்துத் தூங்குகிறவள் மாதிரியே கிடந்தாள். ஒரு மரக்கறி லொறிக்காரர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார். அங்கே எங்கள் மூன்று பேருக்கும் மூக்கில் ஒட்சிசன் வைத்தார்கள். ஒரு லேடி டொக்டர், வயது உன்னளவுதான் இருக்கும், என் கட்டிலில் வந்து உட்கார்ந்து, "இதுக்கு முந்தியும் அந்தக் கார்ல போனா தலைவலிக்குமாம்மா? வீட்டுல சும்மா இருக்கும்போது வருமா? பஸ்ல போனா?" என்று கேட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன். வீட்டில் வந்ததில்லை. பஸ்ஸில் வந்ததில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கார்ப் புகை உள்ள வந்திருக்கும்மா, அதுல இருக்கிற விஷ வாயுவுக்கு நிறமும் இல்ல மணமும் இல்ல, தூக்கம் வாற மாதிரித்தான் வரும்" என்றாள். இரத்தம் எடுத்துப் பார்த்தபோதும் அதுதான் இருந்தது. இவ்வளவு காலம் மருந்தெடுக்கப் போன பயணத்தில்தான் வருத்தமே எனக்கு வந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு அழுகைகூட வரவில்லை, அவ்வளவு களைப்பாக இருந்தது.

பிறகு நஸீம் நானா காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் உயர்த்திப் பார்த்தார். எஞ்சினிலிருந்து பின்னால் போகிற புகைக் குழாய், சரியாகப் பின்சீட்டுக்குக் கீழே, மூட்டில் அறுந்து தொங்கியிருக்கிறது. அதற்கு மேலே தகட்டில் மெட் போட்டு மூடிய ஓட்டை ஒன்று, எங்களுக்குத் தெரியாமல் இன்னும் மூன்று நாலு. டிக்கி மூடியைச் சுற்றியிருந்த ரப்பரும் உக்கிப்போயிருந்தது. மெட்டைத் தூக்கினால் அடியில் கரி அப்பிக் கிடந்தது. நஸீம் நானா தலையில் கை வைத்துக்கொண்டு, "கிளாக்கரையா, ஒங்க பக்கத்துக் கண்ணாடி தொறந்து கெடந்ததாலதான் இவ்வளவு காலம் தப்பியிருக்கீங்க, நான்தானே அத மூடிக் குடுத்தேன்" என்று உட்கார்ந்துவிட்டார். அவர் மேல் என்ன குற்றம், செய்யச் சொன்னதைச் செய்தார். எனக்கு அந்த இடத்தில் வேறொன்று ஞாபகம் வந்தது. போன ஆகஸ்டில் நீங்கள் வந்திருந்தபோது கண்டிக்குப் போகிற வழியெல்லாம் கவிஷ்கா என் மடியில் வாந்தி எடுத்தாளே, வெளிநாட்டுப் பிள்ளைக்கு மலை வளைவு ஒத்துக்கவில்லை என்று தேசிக்காயை வெட்டி முகரக் கொடுத்தோமே, பிறகு மயங்கிக் கிடந்தவளை, நல்ல தூக்கம், எழுப்பாதீர்கள் என்று நானே சொன்னேனே. அதனால்தான் மகள் உன் படத்தைப் பார்த்து அப்படிக் கத்தினேன். பெரும்பாலும் அது வெறும் பிள்ளைத் தூக்கமாகவே இருக்கும். அப்படியே இருக்கட்டும். ஆனால் அது எது என்று பார்த்துச் சொல்ல என்னால் முடியாது, உன்னாலும் முடியாது.

பெரியம்மாவைப் பற்றி உனக்கு நாங்கள் பாதிதான் சொன்னோம். அவள் அடுத்த நாள் பின்னேரம்தான் கண் திறந்தாள். நன்றாகத்தான் இருந்தாள், பேசினாள், சேலை எங்கே என்று கேட்டாள். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம், தீபாவளிக்கு அந்தச் சேலையை உடுத்திக்கொண்டு கோயிலுக்கும் வந்தாள், தப்பித்தோம் என்று நினைத்தேன். கார்த்திகை விளக்கு நேரம் ஒவ்வொன்றாகத் தொடங்கியது. அடுப்பைப் பற்ற வைக்கத் தெரியாமல் நெருப்புப்பெட்டியைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். என் பேர் சட்டென்று வராது. நடையும் தள்ளாடுகிறது. அந்த வாயு சில பேருக்குப் பிறகுதான் மூளையில் காட்டும், திரும்பி வரவும் கூடும், வராமலும் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போன காலத்தில் தோட்டத்தில் அரை நாள் வேலையோடு அரைப்பேர் போட்டாவது உன்னைத் தூக்கி வளர்த்தவள், அவளைப் பார்ப்பது எனக்குப் பாரமில்லை. ஆனால் ஒரே கேள்வியை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தால் மனுஷிக்கு அலுக்கத்தானே செய்யும். சேலையை உடுத்திக்கொண்டு கதிரையில் வந்து உட்கார்ந்து, "தீவாளிச் சாமான் வாங்கப் போகலியா புள்ள, கார் எங்க" என்று கேட்பாள். நான் எரிந்து விழுந்துவிடுகிறேன். அப்பா ஒரு நாளும் எரிந்து விழுவதில்லை. இந்தா அக்கா போவோம் என்று கையைப் பிடித்துக்கொண்டு கடைச் சந்தி வரை நடத்திக் கூட்டிக்கொண்டு போய், பேக்கரியில் ஒரு பாண் வாங்கிக் கையில் கொடுத்து, சாமான் வாங்கியாச்சு என்று திருப்பிக் கூட்டிக்கொண்டு வருவார். தினமும் இதுதான். நானே ஓட்டினேன், எனக்குத்தான் ஒன்றும் இல்லை என்று அவர் ஒரு நாள் சொன்னார்.

காருக்கு என்ன ஆனது என்று கேட்பாய். கண்டியிலிருந்து வாகனப் புரோக்கர் செல்லப்பா வந்தார். எஞ்சின் தங்கம் ஐயா, கீழே ஒரு தகடு வைத்து வெல்டிங் பண்ணிப் பெயின்ட் அடித்தால் ஒருத்தருக்கும் தெரியாது, இப்போதே ஆள் இருக்கிறது, இரண்டு சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பம், பள்ளிக்கூடம் ஏற்றி இறக்கக் கார் தேடுகிறார்கள் என்றார். நான் உண்மையைச் சொல்கிறேன் மகள், கொடுத்துவிடுவோம் என்றுதான் நான் சொன்னேன். பெரியம்மாவின் மருந்து, கிளினிக் போக்குவரத்து எல்லாம் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது, அந்தக் குடும்பத்தை நான் நினைக்கவில்லை. அப்பா கதிரையிலிருந்து எழும்பினார். "செல்லப்பா, அந்தப் புள்ளைங்க எங்க உக்காரும்? பின்னாடிதானே உக்காரும்?" என்று கேட்டார். அதுதான் வெல்டிங் பண்ணுவோமே ஐயா என்று செல்லப்பா இழுத்தார். "வெல்டிங் எத்தன நாளைக்கு நிக்கும்? உக்கின தகட்டுல எதப் புடிச்சு வெல்டிங் நிக்கும்? நான் குடுக்க மாட்டேன், போயிட்டு வாங்க" என்றார் அப்பா. சத்தம் போட்டு அல்ல, ஆனால் அவர் அப்படி ஒருவரை வாசலைப் பார்த்து அனுப்பி நான் கண்டதில்லை. அடுத்த நாளே நஸீம் நானாவின் கராஜுக்குப் போய், எஞ்சினைக் கழற்றி எடுத்துக்கொண்டு காரின் பொடித் தகடு முழுவதையும் வெட்டிப் போடச் சொன்னார். ரோட்டில் போகிற மாதிரி எதையும் மிச்சம் வைக்காதீர்கள் என்றார். வெட்டி முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றாராம். வீட்டுக்கு வந்து தலை முழுகிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். எனக்கு அன்றைக்கு அவர் மேல் கோபமும் இருந்தது, பெருமையும் இருந்தது, எது கூட என்று இன்னும் தெரியவில்லை. இப்போது எங்கே போவதென்றாலும் பஸ்தான், பெரியம்மாவுக்கு முடியாத நாளில் த்ரீவீலர். சனத்துக்குள் நெரிபட்டு நின்றுகொண்டு போய் வருகிறேன், இடுப்பு வலிக்கிறது, தலைவலி ஒரு தரம்கூட வரவில்லை.

ஆகவே மகள் நான் கேட்பது இதுதான். உங்கள் ஊரில் வருஷச் சோதனை நன்றாகத்தான் செய்வார்கள், இல்லை என்று சொல்லவில்லை, நம் காருக்கும் புகைச் சோதனைப் பத்திரம் இருந்தது, எடுத்த அன்றைக்கு அந்தக் குழாய் அறுந்திருக்காது, அவ்வளவுதான். சோதித்த நாளுக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன உக்கியது என்று பத்திரத்துக்குத் தெரியாது. அங்கே பனிக்கு ரோட்டில் உப்புப் போடுகிறார்கள், அது காரின் அடித் தகட்டை அரித்துவிடும் என்று ஸிபான் சொன்னான், அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இன்னும் பயம். காரை உயர்த்திக் கீழே பார்க்கச் சொல், புகைக் குழாயை முழு நீளத்துக்கும் பார்க்கச் சொல், நீயும் கூட நின்று பார். சத்தம் கூடினால், புகை மணத்தால், காரில் போய் இறங்கியதும் தலை வலித்தால், அலுப்பு என்று விட்டுவிடாதே. குளிர் என்று எல்லாக் கண்ணாடியையும் அடைத்துக்கொண்டு எஞ்சினைப் போட்டுவிட்டு பிள்ளையோடு உள்ளே உட்கார்ந்திருக்காதே, பின்னால் பனி குவிந்து குழாய் அடைபட்டாலும் இதே கதைதானாம். அந்த வாயு வந்தால் கத்துகிற சின்னக் கருவி ஒன்று உங்கள் ஊரில் வீடுகளுக்கு விற்கிறார்களாம், அதில் காருக்குள் வைக்கக்கூடியது இருக்கிறதா என்று மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல். டயரையும் பார், தேய்ந்த டயரோடு பனியில் போகாதே. பிள்ளையின் சீட் பெல்ட் இழுத்தால் பிடிக்கிறதா என்றும் ஒரு தரம் பார். பழைய கார் வைத்திருப்பது பாவமில்லை, நம்மைப் போல ஆட்கள் வேறு எதை வைத்திருப்பது. ஆனால் அதில் இருக்கிற ஒவ்வொரு பிழைக்கும் பழகிப்போய்விடுகிறோமே, அதுதான் பொல்லாதது. நாங்கள் அப்படித்தான் பழகிப்போனோம்.

நீ இதைப் படித்து அழாதே. பெரியம்மாவிடம் போனில் பேசும்போது உன்னை யார் என்று கேட்டால் கோபிக்காமல் உன் பேரைச் சொல், அழுகையைக் காட்டாதே, உன் குரல் கேட்டால் அவள் முகம் தெளிகிறது. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். கவிஷ்காவை என் முத்தத்தோடு அணைத்துக்கொள். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், வழியில் ஒரு தீங்கும் இல்லாமல் நெடுநாள் வாழ அம்மன் துணை இருப்பாள். காரைக் காட்டிவிட்டு அன்றைக்கே கூப்பிடு, நேரம் பார்க்காதே, நான் எழும்பியே இருப்பேன். அந்த மெக்கானிக் என்ன சொன்னார் என்று அவர் வாயில் வந்த சொல்லாகவே சொல், எனக்குப் பயம் வரக்கூடாது என்று மாற்றிச் சொல்லாதே. நாங்கள் உனக்கு அப்படி மாற்றிச் சொன்னது போதும்.

இப்படிக்கு,
என்றும் உன் நினைவாக இருக்கும்
அம்மா.

கடிதத்தை ஒட்டுவதற்கு முதல் அப்பாவிடம் காட்டினேன். படித்துவிட்டுப் பின்னேரம் முழுக்கக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கினார். கீழே இருப்பது அவர் எழுத்து.

மகள், காரைக் காட்டிச் சரி பார்த்த பிறகு, ஒரு நாள் மாப்பிள்ளையை ஓட்டச் சொல்லிவிட்டு நீ பின்சீட்டில் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய்ப் பார். இத்தனை வருஷத்தில் நான் ஒரு நாளும் நம் காரின் பின்சீட்டில் உட்கார்ந்ததில்லை.
அப்பா.